தலையாட்டாத ஊர்

“மாமா, இன்னிக்காவது அந்தப் பேரைச் சொல்லிடுங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் எங்கம்மா உசுரைக் கையில பிடிச்சிட்டிருக்கு.”

ரெமி டீச்சர் இதோடு நான்காவது முறை வந்துவிட்டாள். நாளைக் காலை தேவாலய முற்றத்தில் நினைவுத்தூண் திறப்பு. மணிலாவிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானியச் சிப்பாய்கள் கொன்றுபோட்ட முப்பத்தோரு பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. முதல் பெயர் அவளுடைய அப்பாவுடையது.

கிளேத்தோ முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

“காட்டிக்கொடுத்த ஆளு தலையில ஓலைப்பையைக் கவுத்திருந்துச்சு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. கீழ சிப்பாயோட நீளக் கோட்டு. அதுல என்னத்தைத் தெரியும்?”

அந்தப் பை வரிசையில் நின்ற ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றது. தலையாட்டினால் அவனை இழுத்துப்போய்க் குத்தினார்கள். முப்பத்தோரு முறை ஆடிய பை, பதினேழு வயது கிளேத்தோவின் முன்னால் ஆடாமல் நகர்ந்தது.

அன்றிலிருந்து இந்த ஊரில் யாரும் தலையாட்டுவதில்லை. ஆமாம் என்றால் புருவத்தை உயர்த்துவதோடு சரி.

பிழைத்ததுதான் கிளேத்தோ செய்த பாவம். அவனை மட்டும் ஏன் விட்டது என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. சேவல் சண்டையில்கூட அவர் பக்கத்தில் ஆள் உட்காராது. கூட இருப்பது அக்கா ஹசிந்தா மட்டும்தான். அன்றிலிருந்து எந்த வெயிலிலும் காலுறையைக் கழற்றாத அந்த அம்மாளும் கல்யாணம் வேண்டாம் என்று தம்பிக்குச் சமைத்தே கிழவியாகிவிட்டாள். இப்போதும் அடுப்படியில்தான் இருந்தாள்.

“சொல்லிட்டா உங்க பழி போயிடும் மாமா. நாளைக்கு எங்ககூட மேடையில உக்காரலாம். இல்லேன்னா தூண் பக்கமே உங்களை விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க.”

“நான் வரலை. அன்னிக்கே வேண்டிய மட்டும் நின்னாச்சு. இனிமே நிக்கக் காலு இல்ல.”

“உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. போற வர்ற ஆம்பளையெல்லாம் இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு பாத்துப் பாத்தே எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சு.” ரெமியின் குரல் உடைந்தது. “யாரைக் காப்பாத்தறீங்க? ஊரு சொல்றது நெசம்தானா? அந்தப் பைக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தம் உண்டா?”

கிளேத்தோவின் புருவம் அசையவில்லை.

ஹசிந்தா அடுப்படியிலிருந்து வந்தாள். ரெமி ஓலைப்பையில் கொண்டுவந்திருந்த வாழைப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். காலிப் பையைத் திருப்பித் தரப்போகிறாள் என்று ரெமி கையை நீட்டினாள்.

ஹசிந்தா பையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ரெமியின் முன்னால் நின்று, மெதுவாக, ஒருமுறை தலையாட்டினாள்.

ரெமியின் நீட்டிய கை அப்படியே நின்றது.

“கழட்டுக்கா,” என்றார் கிளேத்தோ. “அன்னிக்கே அந்தக் கோட்டுக்குக் கீழ உன் காலைப் பாத்துட்டேன்.”