அஞ்சறைப்பெட்டி

தேசிய விருது விழாவுக்கு முந்தைய நாள் விருதுகள் இல்லாமல் வெறுங்கையோடு ஒத்திகை நடந்தது. இயக்குநர் மணவாளன் பெயரை அழைத்தார்கள். இறந்துபோன அவருக்காக மனைவி பொற்கொடி மேடையேறி, ஜனாதிபதி நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றாள்.

ஒவ்வொரு படமும் முடிந்ததும் மணவாளன் தன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வருவார். "ஜனாதிபதியம்மா, குடுங்க" என்பார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அஞ்சறைப்பெட்டியை நீட்டுவாள். குனிந்து வாங்கிக்கொள்வார். ஒருமுறை கோட்டெல்லாம் மஞ்சள்தூள். பதினொரு படங்களுக்கும் அந்த விருதுதான்.

"நீங்க வாங்குறவங்கம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்றார் தமிழ் தெரிந்த இளம் அதிகாரி.

பொற்கொடி கைகளை நீட்டியபடி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி. கோட்டு மாட்ட அவருக்கு நேரமாகும்."