பீடத்துக்குள் ஒரு நிமிடம்

எங்கள் போதகர் கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாமல் பிரசங்கம் செய்வார் என்று சபையே மெச்சும். அது வேஷம் என்று எனக்குத் தெரியும்.

பிரசங்க பீடத்தில் ஏறியதும் உள்ளே குனிவார். ஒரு நிமிடம் தலை தெரியாது. அப்புறம்தான் நிமிர்ந்து பேச ஆரம்பிப்பார்.

"உள்ளே குறிப்பு ஒட்டி வெச்சிருக்கார். அதைப் பார்த்துக்கிட்டு எழுந்திருக்கார்" என்று என் மனைவியின் காதைக் கடிப்பேன்.

"உங்களுக்கு அவர் மேல காய்ச்சல். சர்ச்சுலயாவது வாயை மூடிக்கிட்டு உட்காருங்க" என்பாள்.

காய்ச்சல் சும்மா வருமா? அந்தப் பீடத்தைச் செய்த தச்சனே நான்தான். நெஞ்சு உயரத்துக்குப் பெட்டி மாதிரி, பின்பக்கம் சின்னக் கதவு, அத்தனையும் தேக்கு. மூன்று மாதம் ஒற்றை ஆளாக இழைத்தேன்.

பிரதிஷ்டை அன்று சபைச் செயலாளர் கேட்டார். "உங்க பேரைப் பித்தளைத் தகட்டுல போட்டு முன்னால அடிச்சிடலாமா?"

"பேரெல்லாம் எதுக்குங்க? ஆண்டவருக்குச் செஞ்சது" என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது? கேட்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்ட முடியுமா? இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவார்கள், போனால் போகிறதென்று சம்மதிக்கலாம் என்றிருந்தேன்.

போதகர் குறுக்கே புகுந்தார். "எவ்வளவு நல்ல மனசு! அண்ணன் சொன்னபடியே விட்டுடலாம்."

விட்டே விட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்த மனுஷன் வாயில் என் பெயர் வந்ததில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. மறுநாளே, கதவு சரியாக மூடவில்லை என்று சாக்குச் சொல்லிப் போய், வேதப்புத்தகம் வைக்கும் சாய்பலகையின் அடியில் என் பெயரை உளியால் செதுக்கிவிட்டேன். சும்மா குனிந்தால் தெரியாது. மண்டியிட்டு அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். அவர் எங்கே மண்டியிடப் போகிறார்?

போன வாரம் சர்ச்சின் தரைக்குப் புதுக் கல் பதிக்க ஏற்பாடானது. பீடத்தை முன்பக்கமாகக் கவிழ்த்துப் படுக்கவைத்து வெளியே கொண்டுபோகவேண்டும் என்று எனக்கும் ஆள் அனுப்பினார்கள்.

கவிழ்த்தால் பலகையின் அடிப்பக்கம் எல்லார் முகத்துக்கும் நேராக வந்துவிடும். 'பேரெல்லாம் எதுக்கு' என்ற யோக்கியனின் பேர், விரல் நீள எழுத்தில்!

நான் போனபோது செயலாளரோடு பத்துப் பேர் நின்றார்கள்.

"ம், பிடிங்கப்பா" என்றார் செயலாளர்.

"இருங்க, இருங்க" என்று போதகர் ஓடிவந்தார். கையில் ஒரு போர்வை. "முதல்ல எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. கதவைக் கழட்டணும். அதை அண்ணனும் நானும் பார்த்துக்கறோம்."

எல்லோரும் போனார்கள். அவர் பீடத்துக்குள் நுழைந்து, சாய்பலகையைச் சுற்றிப் போர்வையைக் கட்ட ஆரம்பித்தார்.

"கீறலும் விழாது. யார் கண்ணுலயும் படாது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயா... எப்போ பார்த்தீங்க?"

"முதல் வாரமே. பிரசங்கத்துக்கு முன்னாடி உள்ளே முழங்கால் போட்டேன். தலையைத் தூக்கினா, நீங்க!"

"இப்பவே இழைச்சு எடுத்துடறேன் ஐயா."

"ஐயையோ, வேண்டாம் அண்ணே." முடிச்சை இறுக்கினார். "பீடத்துல ஏறும்போதெல்லாம், இன்னிக்கு எல்லாரும் நம்மளை மெச்சணும்னு எனக்கும் ஆசை வந்துடுது. இந்தப் பேரைப் பார்த்ததும் வெட்கமாயிடும். 'ஆண்டவரே, எங்க ரெண்டு பேரையும் மன்னியும்'னு உங்க பேரைச் சொல்லிட்டுத்தான் வாரா வாரம் எழுந்திருக்கேன்."