பித்தளை வளையத்தின் பயம்

வெகு காலத்துக்கு முன்பு ஒரு பந்தயக் காரில் கியர் மாற்றினால், வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோல் மெல்லிய ஓசை கேட்கும். கியர்ப் பெட்டிக்குள் பல்சக்கரங்களை உரசாமல் இணைத்துவைத்த பித்தளை வளையத்தின் ஓசை அது.

கார் பழசான பின் ஒருநாள், உரிமையாளர் கியர்ப் பெட்டியில் புது எண்ணெயை ஊற்றினார். கந்தக நெடி அடித்தது.

“அண்ணே, பயமா இருக்கு. இது பித்தளையை அரிக்கிற எண்ணெய்,” என்றது வளையம்.

“கடையில இருக்கிறதிலேயே வீரியமானது இதுதானாம். காரு மேல அவருக்கு அவ்வளவு பிரியம்,” என்றது பக்கத்து எஃகுப் பல்சக்கரம். “எனக்குச் சுகமாத்தான் இருக்கு.”

“நீங்க எஃகு, அண்ணே.”

“எதுக்கெடுத்தாலும் பயந்தா எப்படிச் சுத்துறது? பேசாம முங்கு.”

வளையம் முங்கியது.

மறுவருடம் அந்த எண்ணெயை வடித்தபோது, வளையம் பொன்னிறத் தூளாக வெளியே வந்தது.