தீ வைக்கக்கூடியவர்

அவரில்லை, நான்தான் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

வாசலில் நின்றபடி செல்வராணி யோசித்தாள். எதிரே போடி மலைச்சரிவு முழுவதும் புல் காய்ந்து கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டால் எப்படி எரியும் என்று அவளுக்குத்தான் தோன்றும். தோன்றியதும் பயந்துபோய் வீட்டுக்குள் போய்விடுவாள்.

தீத்தடுப்புக் காவலர் கௌசிகா, மனதைப் படித்து யார் தீ வைப்பார் என்று முன்கூட்டியே சொல்லும் கருவியை அவள் முன் நீட்டினாள். இந்தக் கோடையில் தீ வைக்கக்கூடியவர் என்று அது அவள் கணவன் தங்கமாயனைக் காட்டியிருந்தது. மனைவி சம்மதித்துப் பெருவிரல் வைத்தால், மழை வரும்வரை அவனை அடிவார முகாமில் அடைத்து வைப்பார்கள்.

"பீடியை விட்டு வருஷமாச்சு தாயி," என்றான் தங்கமாயன். "கனவுல குடிச்சதையும் கண்டுபிடிச்சிருச்சா?"

"சிரிக்காதீங்கண்ணே. அக்கா, நீங்க விரல் வைக்கலேன்னா இந்தத் தெருவையே காலி பண்ணச் சொல்லிருவாங்க. அப்புறம் எல்லாரும் உங்களைத்தான் ஏசுவாங்க."

தெருக்காரர்கள் அதற்குள் வேலியோரம் கூடிவிட்டார்கள். "ஒருத்தருக்காக நாங்க பிள்ளைகுட்டியோட அலையணுமா?" என்று யாரோ கத்தினார்கள். தங்கமாயனின் சிரிப்பு நின்றது.

"வையி புள்ள. போயிட்டு வந்துர்றேன்."

மலையைப் பார்த்தால் மழை வருமா என்று மட்டுமே கேட்கிற மனிதன். அவன் மனதைப் படித்ததாகச் சொல்லும் கருவி, பக்கத்தில் நிற்கும் அவளைக் கவனிக்கவேயில்லை.

"நான் வைக்க மாட்டேன் தாயி," என்றாள் செல்வராணி. "தெருவைக் காலி பண்ணச் சொல்லுங்க. மொதல்ல நாங்க கெளம்புறோம்."