வேங்கைக்கு ஓர் இடம்

கருக்கலைந்த பெண்கள் வீட்டில் கேட்கும் பழிச்சொற்களை ஆராய்ந்துவந்த ஆனந்தவள்ளி, தென்காசியிலிருந்து வாரந்தோறும் இணையவழிக் குழு உரையாடல் நடத்தினாள். முகம் காட்ட வேண்டியதில்லை, பெயரும் வேண்டியதில்லை. ஒவ்வொருத்திக்கும் அவளே ஒரு பூவின் பெயரைச் சூட்டியிருந்தாள்.

முல்லை மட்டும் இதுவரை வாய் திறக்கவில்லை. இன்றும் பேச வரவில்லையென்றால் விலகிவிடுவதாக எழுதியிருந்தாள்.

அன்று, யாருக்கும் சூட்டாத 'வேங்கை' என்னும் பூப்பெயர் திரையில் தோன்றியது. அந்தக் குரலுக்குப் பின்னால் அருவி இரைந்தது.

"ஏட்டி முல்லை, எனக்கும் தங்கலை. அருவிச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு அங்கன போயி அழுதேன். நீ இங்கனயே அழு, நாங்க இருக்கோம்லா."

முல்லை அழுதாள், பிறகு பேசினாள். மாமியார் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிள்ளைக்கென்று நினைத்துவைத்திருந்த பெயரையும் சொன்னாள். முடிவில் சிரித்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டு நேரமா நானா பேசுதேன்?"

மனநிறைவோடு மாலையில் ஒலிப்பதிவைக் கேட்டாள் ஆனந்தவள்ளி. வேங்கை பேசிய இடத்தில் அருவியின் இரைச்சல் மட்டுமே இருந்தது. அது பங்குனி மாதம். குற்றாலத்துப் பாறைகள் காய்ந்து கிடந்தன.

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பெயர் சூட்டும்போது, வேங்கையை மட்டும் அவள் விட்டுவைத்தாள்.

"அந்த அக்கா இன்னும் வரலியோ?" என்று முல்லை கேட்டு முடிப்பதற்குள், கணினித் திரையின் உட்புறத்தில் மெல்லச் சாரல் படிந்தது.