அடுத்த குழியின் அதிர்வு

"என்ன பிள்ள, நாவற்குடாவில லைற்றப் போட்டா வாவிக்கு அங்கால வவுணதீவில நுளம்பு சாகுமா?"

பேராசிரியர் கனகசிங்கம் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்த விதுர்ஷா சிரிக்கவில்லை. பௌதிகவியல் பிரிவில் இருப்பது ஒரேயொரு விரிவுரையாளர் பதவி. வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே படிப்பித்துக் களைத்துப்போனவள், இதுவும் தவறினால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பேராசிரியரோ அந்த நாற்காலியைத் தம் அக்காவின் மகன் தனோஜனுக்கு மனதுக்குள் எப்போதோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அப்பிடி இல்ல சேர். சிலிக்கன் துண்டில ரெண்டு குழி, தலைமயிர விட எவ்வளவோ சின்னன். பக்கத்தில பக்கத்தில இரிக்கிறதால ஒண்டு அதிர்ந்தா மத்ததும் அதிரும். அதனால, ஒண்டுக்குள்ள லேசர் ஒளியப் பாய்ச்சியே மத்ததுட அதிர்வையும் அடக்கலாம்."

"அடக்கலாமாம்! கேட்டீங்களா மெடம்?"

வேறொரு வளாகத்திலிருந்து தேர்வாளராக வந்திருந்த கலாநிதி ஸாலிஹா நிமிர்ந்தார். "கணக்கு சரியாத்தானே இரிக்கு சேர்?"

"கணக்கு ஆருக்கும் வரும் மெடம். மண்டைக்குள்ள ஏதும் இரிக்கணுமே!"

கனகசிங்கத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒருவரை மட்டம் தட்டத் தொடங்கினால் அவருக்குப் பகல் சாப்பாடும் தேவையில்லை. மேசையில் இருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"இந்த விசர்க்கதைய எங்க பிள்ள பொறுக்கின?"

"போன வருசம் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில இரிக்கு சேர். நம்மட நாட்டாள்ட பேரிலதான் வந்தது."

"நம்மட நாட்டில மடையனுக்கா பஞ்சம்! அவனுக்குப் பௌதிகமும் தெரியா, ஒரு மண்ணும் தெரியா. அவனுக்குப் பட்டம் குடுத்தவன் அதவிடப் பெரிய மடையன். அவன நம்பி வந்து நிக்கிற உனக்கு வேலை தந்தா, பொடியனுகள்ட படிப்பு என்னத்துக்காகும்?" அவர் ஸாலிஹா பக்கம் திரும்பினார். "இவட பேர வெட்டிருவம் மெடம்."

ஸாலிஹா பேனையைத் தொடவில்லை. "அந்தக் கட்டுரைய எழுதினது ஆர் தங்கச்சி?"

விதுர்ஷாவின் குரல் உயர்ந்தது. அவமானத்தால் அல்ல, இத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரத்தால்.

"எழுதினது நான்தான் மெடம். அது நான் சேரிட்டக் குடுத்த என்ட கடைசி வருச ஆய்வறிக்கை. என்ட பேர எடுத்துப்போட்டுத் தன்ட பேரப் போட்டு வெளியிட்டது கனகசிங்கம் சேர். அனுப்ப முதல் ஒருக்கா வாசிச்சாவது பார்த்திருப்பாரெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்."