கழற்றிய கம்பிகள்

கிட்டார் பழுதுபார்ப்பவருக்குக் கோபம் வந்தால் எதிர்வீட்டுப் பூனை ஊரையே காலி செய்துவிடும். அன்று அந்தக் கோபத்தைக் கிளப்பியது ஒரு மரத்துண்டு.

மனைவியின் தம்பிக்கு அன்று மாலை முதல் மேடை. உள்ளே குடைவான தன் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சரிசெய்யக் கொண்டுவந்திருந்தான். அதன் பிரிட்ஜை, அதாவது கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டை, பலகையோடு ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். அதனால் கம்பிகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இவர் அவசரத்தில் ஆறையும் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்.

பிரிட்ஜ் விழவில்லை. கிட்டாரைக் கவிழ்த்து உலுக்கினார். அப்போதும் விழவில்லை.

"பசை கிசை போட்டியாடா?"

"சத்தியமா இல்ல மாமா."

"அப்ப இது எனக்கே தண்ணி காட்டுதா?"

சுத்தியலை ஓங்கினார்.

"ஐயோ மாமா, சாயங்காலம் நான் எதை வாசிக்கிறது? உங்க தலையையா?" என்று மச்சினன் அலறி முடிப்பதற்குள், அடி தவறி மேல்பலகை சுக்குநூறானது. கீழே பலகையே இல்லாமல் பிரிட்ஜ் மட்டும் அந்தரத்தில் நின்றது.

வெறி தலைக்கேறி, வெறுங்கையால் அதைத் தட்டிவிடப் போனார். வழியிலேயே, வெறுங்காற்றில், நான்கு விரல்களும் எலும்புவரை கிழிந்தன. ஒரு குடம் ரத்தமாவது கொட்டியிருக்கும். ஒரு சொட்டும் தரைக்கு வரவில்லை. பிரிட்ஜிலிருந்து கிட்டாரின் கழுத்துவரை, ஆறு நேர்கோடுகளாகக் காற்றில் ஓடி நின்றது.

மச்சினன் விரலை நீட்டி, மெல்லிய கோட்டை மீட்டினான்.

"மாமா," என்றான் மெதுவாக, "சுருதி சுத்தமா சேர்ந்திருக்கு."